எடைக்கு வராத சாமி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எனக்குச் சர்க்கரை பார்க்கிற எட்டயபுரம் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்ன தின்றேன், எப்போது தின்றேன் என்று இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டுமாம். "ஒளிக்காம எழுதணும் செண்பகம்மா. நீங்க ஒளிச்சாலும் உங்க ரத்தம் காட்டிக் கொடுத்துரும்" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வீட்டுப்பாடம். இரும்பு மில்லில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி மேசை இழுப்பறையில் சும்மாதான் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தேன்.

காலை: இட்லி, தக்காளிச் சட்னி. மத்தியானம்: ஆடிப்பெருக்கு என்று பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து புளிச்சோறு வந்தது. கொஞ்சம்தான் சாப்பிட்டேன். சரி, கொஞ்சத்துக்கு மேலேதான்.

வெறும் சோற்றையும் குழம்பையும் எழுதிக்கொண்டிருந்தால் எனக்கே தூக்கம் வருகிறது. அதனால் கடை விஷயத்தையும் எழுதுவேன். டாக்டரம்மா வேண்டியதைப் படிக்கட்டும், மற்றதைத் தாண்டிப் போகட்டும்.

விளாத்திகுளம் ரோட்டில், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. பழைய இரும்பு, உடைசல், ஓடி முடித்த வண்டி எல்லாம் எடுப்போம். ஊர் ஊராகப் போய்க் இனி வேண்டாம் என்று தள்ளின கண்டம் வண்டி பார்த்து வாங்கி வருவது என் தம்பி மகாராசன், எனக்கு ராசா. அதை வெட்டுவது வேல்ச்சாமி. எடை போடுவதும் சண்டை போடுவதும் நான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை: கேப்பைக் கூழ். மத்தியானம்: சோறு, வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். சாயங்காலம்: சந்தனமாரி கொண்டுவந்த இனிப்புப் பணியாரம் இரண்டு. இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். பிறகு ரத்தம் சொல்லிவிடும் என்று எழுதிவிட்டேன்.

சந்தனமாரி வேல்ச்சாமியின் பெண்டாட்டி. தீப்பெட்டி ஆபீசில் வேலை. நாளைக்கு அவள் அம்மா ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பணியாரத்தைக் கொடுத்து, புருசனிடம் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு, மஞ்சள் சேலையும் தலை நிறையப் பூவுமாக நின்றாள்.

"இவரு நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஏறிருவாருக்கா. நீங்க வேலை கீலைன்னு புடிச்சு வச்சுக்கிடாதீக."

"ஒம் புருசனப் புடிச்சு வச்சு நான் என்ன செய்ய? கூட்டிட்டுப் போயி அங்கனயே வச்சுக்கோ தாயி."

சிரித்துக்கொண்டே போனாள். இருட்டுகிற நேரம். கடைசி பஸ் எங்கள் கடை முன்னால் நிற்காது, விலக்குக்குத்தான் போக வேண்டும். அவர்கள் வீட்டில் இருக்கிற ஒரே செல்போன் வேல்ச்சாமியிடம். கொடையில் கொடுக்கிற குங்குமம் எனக்கும் வாங்கி வருகிறேன் என்று ரோட்டிலிருந்து கத்திச் சொன்னாள்.

ராசா போன் பண்ணினான். நாலாட்டின்புதூர்ப் பக்கம் ஒரு பழைய வேன் விலை படிந்துவிட்டதாம். ஓடுகிற வண்டியாம். அவனே ஓட்டி வருகிறானாம். குரலைக் கேட்டதுமே கொஞ்சம் போட்டிருக்கிறான் என்று தெரிந்தது. மெதுவாக வா என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை: காபி மட்டும்.

ராசா நேற்று வரவில்லை. இன்று விடிந்தும் விடியாமலும் வேனோடு வந்து நிற்கிறான். வெள்ளை வேன். கோயில் குளத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியாம். முன்பக்கம் இடதுபுறம் உள்ளே போயிருந்தது. ஒரு விளக்கு இல்லை.

"ஏல, நல்லா ஓடுத வண்டின்னுதான சொன்ன?"

"ஓடுத வண்டிதாங்க்கா. வழியில மாடு ஒண்ணு குறுக்க பாஞ்சிருச்சு."

"மாட்டுக்கு என்ன ஆச்சு?"

"அது ஓடிப்போச்சு. இன்னைக்கே வெட்டிருக்கா. பேப்பர்ல கொஞ்சம் பிரச்சினை இருக்கு."

வண்டி ஈரமாக இருந்தது. எங்கேயோ பம்புசெட்டில் நிறுத்திக் கழுவியிருக்கிறான். வெட்டப்போகிற வண்டியை யாராவது கழுவுவார்களா? காபி கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் புருசன் செத்து, அவர் வீட்டு ஆட்கள் என்னை வாசலில் நிறுத்தியபோது, தன் பங்கு நிலத்தை விற்று இந்தக் கடையை வைத்துக் கொடுத்தவன் ராசா. அவனிடம் நான் என்னத்தைக் கேட்பது?

வேல்ச்சாமிக்கு ஆச்சரியம். எந்த வண்டி வந்தாலும் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் என்று கேட்டு ஆட்கள் வருவார்கள்.

"எஞ்சின் தங்கமா இருக்கேக்கா. இதப் போயி வெட்டணுமா?"

"வெட்டுன்னா வெட்டு."

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வண்டியை வெட்ட கேஸ் நெருப்பு வைப்பதற்கு முன்னால் அதில் இருக்கிற சாமியை இறக்கிவிட வேண்டும். இறக்கிய சாமியை எடை போடக் கூடாது, விற்கக் கூடாது, உடைசலோடு சேர்க்கக் கூடாது. கதவில்லாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைக் கடையில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். அதுதான் சாமி அறை. பிள்ளையார், அம்மன், மாதா, மக்கா படம் எல்லோரும் தட்டுத் தட்டாக உட்கார்ந்திருப்பார்கள். தை பிறந்ததும் சாமிகளை எல்லாம் பூச்சுற்றிக் கட்டித் திருச்செந்தூர்க் கடலில் விடுவோம். மாதாவும் மக்கா படமும் அந்தந்த ஆட்கள் வீட்டுக்குப் போய்விடும். இந்த வேலையை வேல்ச்சாமி வேறு யாரையும் செய்ய விடமாட்டான். எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டித்தான் சாமியைத் தொடுவான்.

இந்த வேனில், டிரைவருக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முருகன். வேல்ச்சாமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான்.

"யக்கா, இங்க பாருங்க. பிரேக்கு ஒயர்லருந்து சாமிக்கு லைட்டு இழுத்திருக்கான். மிதிச்சா எரியுது."

மிதித்துக் காட்டினான். பெட்டிக்குள் முருகன் சிவப்பாக எரிந்தார். காலை எடுத்தால் அணைந்தார். மிதித்துக்கொண்டே இருந்தால் எரிந்துகொண்டே இருந்தார். பிரேக் பிடிக்கும்போதாவது சாமி நினைப்பு வரட்டும் என்று வைத்திருப்பான் போல என்று நான் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம்.

மத்தியானம்: சோறு, பருப்பு, கீரை. அந்த நேரத்தில் வேல்ச்சாமி முன்பக்கத்தை வெட்டி முடித்திருந்தான். சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு புறப்பட்டான். சேஸ் சட்டமும் பின்பக்கமும் பாக்கி இருந்தன.

"முடிச்சிட்டுக் காலைல மொத பஸ்ஸுக்குப் போ" என்றேன்.

"அவ தேடுவாக்கா."

"கொடை எங்க ஓடியா போகுது? முடிச்சிட்டுப் போ."

எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. திரும்பக் கேஸ் வெட்டுகிற டார்ச்சைக் கையில் எடுத்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை: தோசை இரண்டு.

வேல்ச்சாமி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினான். "யக்கா, சந்தனமாரி இங்க வரவே இல்லயாம். நாங்க ரெண்டு பேரும் சேந்து வருவோம்னு இவுக நெனச்சுக்கிட்டு இருந்திருக்காக."

அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

சாயங்காலம் மறுபடி போன் வந்தது. தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை பால்காரர் ஒருவர் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததால் பேர் ஊர் தெரியாத பெண் என்று சேர்த்திருக்கிறார்கள். ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. விலக்குப் பக்கத்தில், ஓடைக்குள் கிடந்தாளாம்.

விலக்கு வழியாக ஆயிரம் வண்டி போகிறது. லாரி போகிறது, காற்றாடி இறக்கை ஏற்றின நீள வண்டி போகிறது. எது அடித்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை: ஒன்றுமில்லை.

லாரியைக் கூப்பிட்டு வேன் இரும்பு முழுவதையும் மில்லுக்கு அனுப்பிவிட்டேன். விலை இறங்கியிருக்கிறது, பொறுத்து அனுப்புங்கள் என்று மில்லில் சொன்னார்கள். இடத்தை அடைக்கிறது, அதனால் அனுப்பினேன். வேறு ஒன்றுமில்லை.

பிறகு தூத்துக்குடி போனேன். கஞ்சியும் துவையலும் கொண்டுபோனேன். வேல்ச்சாமி தரையில் உட்கார்ந்திருந்தான். சந்தனமாரி கண் திறக்கவில்லை. தலையில் கட்டு. போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"காலை எடுத்துட்டாகக்கா" என்றான். "ராவெல்லாம் ஓடைக்குள்ள கெடந்திருக்கா. அப்பவே யாராவது கொண்டாந்து சேத்திருந்தா காலாவது தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு."

"எப்ப எடுத்தாக?"

"செவ்வாக்கெழம மத்தியானம்."

கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று வேளையும் சோறு. குழம்பு என்ன என்று பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலை: உப்புமா. அடிப்பிடித்துவிட்டது, அதையே தின்றேன்.

ஸ்டேசனிலிருந்து ஏட்டையா வந்தார். இந்தப் பக்கத்து இரும்புக் கடை, பட்டறை எல்லாவற்றிலும் விசாரிக்கிறாராம்.

"செண்பகம்மா, திங்கக்கெழமைக்கு அப்புறம் முன்பக்கம் அடிபட்ட வண்டி ஏதாவது வந்துச்சா?"

"இங்க வாரதெல்லாம் அடிபட்டதுதான் ஐயா. அடிபடாத வண்டி எதுக்கு இங்க வரப்போகுது?"

"புதுசா ஏதாவது?"

"இல்ல."

டீ வாங்கிக் கொடுத்தேன். மெதுவாகக் குடித்துக்கொண்டே கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெட்டின இடத்தில் மண் கருத்திருந்தது. எங்கள் கடையில் எங்கேதான் கருப்பு இல்லை? போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஃபிரிட்ஜ் முன்னால் நின்று கும்பிட்டார். முருகன் பெட்டிக்கு முன்னால் கிடந்த விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். "அந்தப் பொண்ணு பொழைக்கட்டும்" என்றார். நானும் கும்பிட்டேன்.



ஆகஸ்ட் 11, திங்கள்

காலை: இட்லி. பாதியில் எழுந்துவிட்டேன்.

ராசா போன் பண்ணினான். வண்டி பார்க்கிறேன் என்று திருப்பூர்ப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"யார்க்கா அது, வேல்ச்சாமி வீட்டம்மாவா?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

  அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான். "யக்கா, நாயின்னு நெனச்சேங்க்கா. சத்தியமா நாயின்னுதான் நெனச்சேன். நிக்கக்கூட இல்ல, திரும்பிக்கூடப் பாக்கல, அப்படியே வந்துட்டேன். மனுசின்னு தெரிஞ்சா விட்டுட்டு வருவேனா?"

செவ்வாய்க்கிழமை மாடாக இருந்தது இன்று நாயாகிவிட்டது.

ஆனாலும் என் மனசு ஒரு பக்கம் ஆறியது என்றுதான் சொல்ல வேண்டும். நாய் என்று நினைத்து வந்துவிட்டான். குடித்திருந்தான், இருட்டு, தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. சின்னதில் ஒரு கோழிக்குஞ்சு செத்தாலும் நாள் முழுக்க அழுகிற பிள்ளை அவன். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

"எல்லாம் போயிருச்சுல்ல? ஏதாவது கெடக்கா?" என்று கேட்டான்.

"சாமிதான் இருக்கு."

"அதையும் தூக்கிக் கெணத்துல போடுக்கா."

சாமியைக் கிணற்றில் போடச் சொல்கிறான். போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முருகனைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, பின்னால் இருக்கிற பாழுங்கிணறு வரைக்கும் போனேன். கிணற்றுக்குள் சாக்கடையும் செத்த எலியும் கிடந்தன. கண்ணாடி வழியாக அந்த முகம் என்னையே பார்க்கிறது. கை வரவில்லை.

தை மாதம் கடலுக்குப் போகும்போது இதுவும் போகட்டும். அதுவரை எத்தனையோ சாமிக்கு நடுவில் இது ஒரு சாமி. யாருக்கு என்ன தெரியப்போகிறது? திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். வெட்டிவிட்ட ஒயர் வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடக்கிப் பின்னால் செருகினேன்.

மத்தியானம்: மோர்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சந்தனமாரி கண் திறந்துவிட்டாள். வேல்ச்சாமி போனில் குழந்தை மாதிரி அழுதான். "யக்கா, முழிச்சிட்டாக்கா. என்னையத் தெரியுதுக்கா."

அவள் பிழைத்தால் மாவிளக்கு எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். இன்றைக்கே அரிசி ஊறப்போட்டேன். இடித்துச் சலித்தேன். பிழைக்க வேண்டும் என்றுதான் நேர்ந்தேன். பேச வேண்டும் என்று நேரவில்லை. ஒளிக்காமல் எழுதச் சொன்னதால் எழுதிவிட்டேன்.

மத்தியானம்: மாவிளக்கு மாவு ஒரு உருண்டை. வெல்லம் போட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சந்தனமாரி பேசுகிறாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. என்னைப் பார்த்ததும், "யக்கா, குங்குமம் வாங்கிட்டு வாரேன்னேன், முடியலியே" என்றாள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டில் பெண்கள் சுற்றி நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன வண்டி என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் வந்தது, தூக்கிப் போட்டது, வண்டிக்கு முன்னால் ஓடைச் சரிவில் போய் விழுந்தேன் என்றாள். பிறகு சொன்னாள்.

"அப்புறம் சாமி வந்துச்சு."

"என்ன சாமி?"

"இருட்டுக்குள்ள, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாமி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் காப்பாத்துங்கய்யான்னு கூப்பிட்டேன். எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ரொம்ப நேரம். அப்புறம் அணைஞ்சுபோச்சு. வண்டியும் போயிருச்சு."

"அம்மன்தான் தாயி" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கொடை நேரம்ல்லா. அதான் ஒன் உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டா." எல்லோரும் சந்தனமாரியின் காலடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இருக்கிற ஒரு காலை.

வேல்ச்சாமி ஜன்னலோரம் நின்றிருந்தான். அங்கிருந்தே கேட்டான். "என்ன நெறத்துல எரிஞ்சுச்சு?"

"செவப்பு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

நிற்கக்கூட இல்லை என்றான் ராசா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றான். நிற்காதவன் வண்டியில் சாமி எப்படி அவ்வளவு நேரம் எரியும்? பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அவள் கூப்பிடக் கூப்பிடப் பார்த்திருக்கிறான். பிறகு காலை எடுத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

டாக்டரம்மாவிடம் போனேன். சர்க்கரை எங்கேயோ ஏறி நிற்கிறது. சாப்பாட்டைக் கேட்டார். வாயால்தான் சொன்னேன், டைரியைக் காட்டவில்லை. "நீங்க சொல்றத வச்சுப் பாத்தா இவ்வளவு ஏறக்கூடாதே. மனசுல ஏதாவது போட்டுக் குழப்பிக்கிறீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காலை: கேப்பைக் கூழ்.

வேல்ச்சாமி வேலைக்கு வந்துவிட்டான். மாமியாரைத் துணைக்கு வைத்துவிட்டு வந்தானாம். இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாயேன் என்றேன். "சும்மா இருந்தா கை வலிக்குதுக்கா" என்றான்.

பழைய டிராக்டர் தகட்டை வெட்டினான். வெட்டி முடித்துவிட்டு ஃபிரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு சாமியாக எடுத்துத் துணியால் துடைத்து, திரும்ப வைத்தான். நான் கணக்குச் சிட்டை எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். முருகன் பெட்டியைக் கையில் எடுத்தவன் வெகுநேரம் வைத்திருந்தான். பின்னால் மடக்கி வைத்திருந்த ஒயரை விரலால் நிமிர்த்தினான். பிறகு அதையும் துடைத்து வைத்தான்.

போகும்போது எப்போதும் போல, "வாரேங்க்கா" என்றான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மில்லில் வேலை கேட்டுப் போகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். என் மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் போகிறான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான் கடைக்கு வரும்போதே வேல்ச்சாமி தன்னிடம் இருக்கிற சாவியால் திறந்து உள்ளே இருந்தான். எடை மெஷின் பக்கத்தில் பழைய பேட்டரி ஒன்று. அதிலிருந்து இரண்டு ஒயர். முருகன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தார். எரிகிற பெட்டியை எடை மெஷின் தட்டில் வைத்திருந்தான்.

இத்தனை வருஷத்தில் சாமி அந்தத் தட்டில் ஏறியதில்லை. மெஷினில் நம்பர் விழுந்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"வேல்ச்சாமி, சாமியைக் கீழ எறக்கு."

"விலை சொல்லுங்கக்கா."

"பேசாம எறக்குடா."

"இரும்புக்கு விலை இருக்கு. பித்தளைக்கு விலை இருக்கு. எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். இதுக்கு என்ன போடுவீக?"

அவன் குரல் ஏறவே இல்லை.  உடைசல் சீட்டு ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"இவ்வளவு நேரம் எரிஞ்சிருக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டு எரிகிற சாமியையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு பஸ் வந்து, போய், அடுத்த பஸ்ஸும் வந்தது. அப்போதுதான் ஒரு ஒயரைப் பிடுங்கினான். சாமி அணைந்தது.

"மாடுன்னுதான் ராசா சொன்னான், வேல்ச்சாமி."

"வண்டி வந்த அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்லக்கா?"

"அவன் அடிச்சது சந்தனமாரியத்தான்னு தெரியாது. என் மாவிளக்கு மேல சத்தியமா தெரியாது."

"வேற யாரோன்னா பரவாயில்லயா?"



"அன்னைக்குச் சாயங்காலம் கொடைக்குப் போறேன்னேன். முடிச்சிட்டுப் போன்னீக" என்றான். "மத்தியானம் அங்க அவ காலை வெட்டிக்கிட்டு இருந்திருக்காக. அதே நேரத்துல நான் இங்கன எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டி, அந்த வண்டிய வெட்டிக்கிட்டு இருந்தேன். பேரு தெரியாதவளா ஒத்தையில கெடந்திருக்கா. கைய புடிக்க ஆளில்ல."

அப்போதுதான் அழுதான். நானும் அழுதேன். ஒருத்தரை ஒருத்தர் தேற்றிக்கொள்ள முடியாமல் தனித்தனியாக அழுதோம்.

"நான் போயி ஸ்டேசன்ல சொன்னா என்ன சொல்லுவாக? வண்டி எங்கம்பாக. உருகிப் போச்சு. நீங்க சொன்னாத்தான் உண்டு. ராசண்ணன் ஒங்க தம்பி. நான் கூலிக்காரன். ஒங்க இஷ்டம்."

டார்ச்சையும் கையுறையையும் எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சாமியைத் தட்டிலேயே விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு பேர் உடைசல் கொண்டுவந்தார்கள். தட்டில் சாமி இருக்கிறது. எதை எங்கே வைத்து எடை போடுவது? இன்றைக்கு இல்லை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். இறக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. யார் வைத்தார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு, உண்மையில் வைத்தது யார் என்றும் தோன்றியது.

சாயங்காலம் ஏட்டையாவுக்குப் போன் பண்ணினேன்.

சாப்பாடு: இல்லை. மாத்திரை மட்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஏட்டையா காலையிலேயே வந்துவிட்டார். கூட இரண்டு பேர், மப்டியில். எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, நாய், கழுவின வண்டி, மில்லுக்கு அனுப்பினது எல்லாம். "ஒங்க மேலயும் கேசு வரும்மா, தெரியும்ல?" என்றார். வரட்டும் என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவரேதான் சாமியைத் தட்டிலிருந்து எடுத்தார். ஒரு மஞ்சள் துணியில் சுற்றினார்.

அவர் இருக்கும்போதே ராசா போன் பண்ணினான். ஏட்டையா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"யக்கா, எல்லாம் அடங்கிருச்சா?"

"அடங்கிருச்சு ராசா."

"நேத்தெல்லாம் நீ போனே எடுக்கல. பயந்துட்டேன். கோயில்பட்டியிலதான் இருக்கேன். வரவாக்கா? பசிக்குது."

"வாய்யா. சாப்பிட வா."

சின்ன வயசில் அவனைக் கூப்பிடுகிற மாதிரியேதான் என் வாயில் வந்தது. போனை வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஏட்டையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம்: சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது, அவித்த முட்டை. எனக்கில்லை, ராசாவுக்கு. கருவாட்டுக் குழம்பு என்றால் அவனுக்கு உசிர்.

ஏட்டையாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அவன் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் உள்ளே வராதீர்கள் என்று. வாட்சைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பின்பக்கம், டிராக்டர் தகட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டேன். ரோட்டில் ராசாவின் புல்லட் வண்டிச் சத்தம் கேட்கிறது. விலக்குக்கு வந்ததும் வேகம் குறைகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது. இப்போது இங்கே வருகிறது.